மாரியில் கட்டுநாயக்கவிலிருந்து வன்னிக்கு வாகனம் ஓட்டுவது

மார்கழியில் வெளிநாட்டிலிருந்து வன்னிக்கு வருகிற சனம் கூட. பள்ளிக்கூட விடுமுறை, நத்தார், பொங்கல் என்று அவர்களுக்குத் தோதான நாள்கள் எல்லாம் எங்களுக்கு மாரி. சுவிசில் பனிக்குள் ஓடிப் பழகினவருக்கு வழுக்கல் புதிதல்ல. ஆனால் அங்கே தெருவுக்கு உப்புப் போடுவார்கள், சில்லுக்குப் பனிரயர் போடுவார்கள். இங்கே தெருவில் நிற்பது தண்ணீர், மாடு, சில இடங்களில் யானை. மூன்றும் இருட்டில் தெரியாது. அதனால் முதலில் பார்க்க வேண்டியது வழியை அல்ல, நேரத்தை. மதவாச்சிக்கு வடக்கே உள்ள தூரம் முழுவதும் பகல் வெளிச்சத்தில் ஓடி முடிய வேண்டும்.

நேரக் கணக்கு

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து புத்தளம் வழியாக வவுனியா ஏறத்தாழ 235 கி.மீ., கிளிநொச்சி 310 கி.மீ. மழையில்லாத நாளில் வவுனியாவுக்கு ஐந்து மணித்தியாலம், கிளிநொச்சிக்கு ஆறரை. மழையென்றால் ஒன்றரை மணித்தியாலம் கூட்டுங்கள். மார்கழியில் ஆறு மணிக்கு இருட்டிவிடும். கார்மூட்டமென்றால் ஐந்தரைக்கே லைற் போட வேண்டும். ஐந்து மணிக்குக் கிளிநொச்சியில் நிற்க வேண்டுமானால் காலை ஒன்பதுக்குள் விமான நிலையத்தை விட்டு வெளிக்கிட வேண்டும். அதற்குப் பிந்தி இறங்குகிறவர்கள் நீர்கொழும்பில் ஓர் இரவு தங்கி, விடிய நாலு மணிக்கு வெளிக்கிடுவது நல்லது. அந்த நேரம் சிலாபம் ஊருக்குள் நெரிசல் இல்லை. புத்தளம் வர விடிந்துவிடும்.

நள்ளிரவில் இறங்கினவரை அப்படியே ஸ்ரேரிங்கில் இருத்தாதீர்கள். பனிக்காலத்தில் சுவிஸ் எங்களுக்கு நாலரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. இங்கே விடிய நாலு மணி, அவரது உடம்புக்கு இரவு பதினொன்றரை. விமானத்தில் நித்திரையும் இருந்திருக்காது. ஓட்டுவது ஊரில் உள்ளவராக இருக்கட்டும்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்தான் ஓட்டப் போகிறார் என்றால் இரண்டு விசயம். வெளிநாட்டு லைசன்ஸ் மட்டும் போதாது, இங்கே செல்லுபடியாகும் அனுமதி வேண்டும். 2025 ஓகஸ்டிலிருந்து தற்காலிக லைசன்சை விமான நிலையத்திலேயே எடுக்க வழி இருக்கிறது. மற்றது, யப்பான் வாகனங்களில் சிக்னல் பிடி வலக்கைப் பக்கம். ஐரோப்பாவில் ஓடினவர் திரும்பும்போதெல்லாம் வைப்பரைப் போட்டுவிட்டு, சிக்னல் போட்டதாக நினைத்துக்கொண்டு திரும்புவார். பின்னால் வரும் பஸ்காரனுக்கு அது தெரியாது. நீர்கொழும்பு தாண்டும்வரை பக்கத்தில் இருப்பவர் அதைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வரட்டும்.

வாகனம்

ரயரின் தவாளிப்பு 3 மி.மீ.க்குக் குறைந்திருந்தால் மாரியில் அந்த வாகனத்தை இந்தப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். தண்ணீர் வெளியேற இடமில்லாமல் ரயர் தண்ணீரின் மேலே மிதக்கத் தொடங்கும். காப்பெற் வீதியில் இது நடக்கும்போது சத்தம் வராது. ஸ்ரேரிங் திடீரென்று பாரம் குறைந்து பஞ்சுபோல ஆகும், அதுதான் அடையாளம். காலை அக்சிலேற்றரிலிருந்து எடுங்கள், பிறேக்கைத் தொடாதீர்கள், ஸ்ரேரிங்கை நேராகப் பிடியுங்கள். ஓரிரு விநாடியில் ரயர் திரும்பத் தெருவைப் பிடிக்கும்.

காற்று அளவு சாரதிக் கதவின் உள்பக்க ஸ்ரிக்கரில் இருக்கிறது. ஆள்களும் சூட்கேசுகளும் ஏறினால் பின்சில்லுக்கு அதில் உள்ள கூடிய அளவைப் போடுங்கள். நாலு பேர் தலைக்கு 40 கிலோ கொண்டுவந்தால் 160 கிலோ. அதை முழுக்கக் கூரையில் கட்டினால் வளைவில் வாகனம் சரியும், பாலங்களில் பக்கக் காற்று தூக்கிப் பார்க்கும். பாரமானதைக் கீழே சீற்றுகளுக்கிடையில் வையுங்கள், கூரையில் துணிப்பெட்டி மட்டும் போதும். படங்கை முன்பக்கத்தில் இரட்டையாக மடித்துக் கட்டாவிட்டால் சிலாபம் வர முன்னமே காற்று உள்ளே போய்க் கிழித்துவிடும்.

வைப்பர் ரப்பர் கோடு இழுத்தால் புதிது போடுங்கள். உள்ளே கண்ணாடி புகை பிடிப்பதுதான் எல்லாரும் மறக்கிறது. நனைந்த ஆள்கள் ஆறு பேர் இருக்கும் வானில் ஐந்து நிமிடத்தில் முன்கண்ணாடி வெள்ளையாகிவிடும். துணியால் துடைத்தால் இரவில் எதிர்லைற்றுக்கு இன்னும் மோசமாக மினுங்கும். ஏசியைப் போட்டு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று வரும் பக்கத்துக்கு மாற்றுங்கள். குளிருகிறது என்று ஏசியை நிறுத்தச் சொல்லுவார்கள். நிறுத்தாதீர்கள்.

எந்த வழி

வழமையான வழி, நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் வரை ஏ3 வீதி. அங்கிருந்து கருவலகஸ்வெவ, நொச்சியாகம வழியாக அனுராதபுரத்துக்கு ஏ12. பிறகு ரம்பேவயில் ஏ9 ஏறி மதவாச்சி, வவுனியா. மற்றது, மினுவாங்கொடை, திவுலப்பிட்டி, கிரியுல்ல, நாரம்மல, குருநாகல், பாதெனிய, பின் ஏ28 இல் தம்புத்தேகம வழியாக அனுராதபுரம். இரண்டாவது வழியில் சந்திகளும் வளைவுகளும் கூட, ஆனால் சிலாபத்தில் தெதுறு ஓயா பெருகியிருக்கும் நாளில் அதுதான் கைகொடுக்கும்.

எந்த வழியால் போனாலும் கலா ஓயாவைக் கடந்துதான் ஆக வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது ஏ12 இல் கலா ஓயாப் பாலத்தடியில்தான் கொழும்புக்குப் போன பஸ் ஒன்று வெள்ளத்தில் மாட்டியது. பயணிகள் வீட்டுக்கூரையில் ஏறி நின்று பிறகு மீட்கப்பட்டார்கள். பஸ் போகிறது, நாங்களும் போகலாம் என்ற நினைப்பை அந்த இடத்தில் விட்டுவிடுங்கள். வெளிக்கிட முன் 117க்கு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு, எடுத்துப் பாதை நிலவரம் கேட்கலாம். அதைவிட, அனுராதபுரத்துக்கு வந்துகொண்டிருக்கும் லொறிச் சாரதி ஒருவரைக் கேட்டால் அந்த மணித்தியால நிலவரம் தெரியும்.

எரிபொருளை வவுனியாவில் நிரப்புங்கள், அரைத் தாங்கி இருந்தாலும். மரம் விழுந்து பாதை மறித்தால் இரண்டு மணித்தியாலம் ஏசியோடு நிற்க வரும்.

குளம் வான் பாயும்போது

வவுனியாவுக்கு வடக்கே மழை மட்டும் கணக்கல்ல. மழை விட்டு வெயில் எறித்த பிறகும் மேலே உள்ள குளம் நிறைந்து வான் பாய்ந்தால் கீழே தெரு மூடும். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தால் தண்ணீர் கனகராயன் ஆற்றால் இறங்கி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் பரவும். 2018 டிசம்பர் 21 இரவு வந்த வெள்ளம் அப்படித்தான் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூடியது. ஆகவே பரந்தனில் திரும்பி ஏ35 இல் விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கம் போகிறவர்கள், கதவு திறந்திருக்கிறதா என்று கிளிநொச்சியில் விசாரித்துவிட்டுப் போங்கள். முல்லைத்தீவு நகரத்துக்கென்றால் மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாகப் போவது நல்லது. அந்த வழியில் வட்டுவாகல் பாலம் குறுக்கே வராது. அந்தப் பாலம் ஒடுக்கம், தண்ணீருக்குக் கிட்ட, மாரியில் நந்திக்கடல் பெருகினால் மேலால் பாயும்.

தெருவை மூடித் தண்ணீர் நிற்கிறது என்றால் முதலில் அது நிற்கிறதா, ஓடுகிறதா என்று பாருங்கள். ஒரு இலையைப் போட்டால் தெரியும். ஓடும் தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே நிற்கும் ஆளை விழுத்தப் போதும். 30 செ.மீ. சிறிய காரைத் தூக்கும். 60 செ.மீ.இல் வான், ஜீப் எதுவும் நிற்காது. சப்பாத்துப் பாலத்தில், அதாவது வெள்ளம் மேலால் ஓடவிட்டுக் கட்டின தாழ்ந்த பாலத்தில், கணுக்காலுக்கு மேல் ஓடினால் கடக்காதீர்கள். கரையில் நிற்கும் வெள்ளைக் கற்கள் தெரியாவிட்டால் பாலத்தின் ஓரமும் தெரியாது.

நிற்கும் தண்ணீர் என்றால், ஊர்ப் பொடியன் ஒருவரையோ தெரிந்த ஆளையோ கம்போடு முன்னால் நடக்கச் சொல்லுங்கள். நடுத்தெருவால், ஒவ்வொரு அடியாகக் கம்பை ஊன்றிப் பார்த்து. தெருவின் கீழ் மண் அரித்துப் போயிருந்தால் கம்பு இறங்கிக் காட்டிக் கொடுக்கும். காருக்கு 20 செ.மீ., வானுக்குச் சில்லின் அச்சுக்குக் கீழே வரை போகலாம். முதல் கியரில், ஓட்டோமற்றிக் என்றால் எல் இல், நடக்கும் வேகத்தில், விடாமல் ஒரே சீராக. இடையில் கியர் மாற்ற வேண்டாம். எதிரே பஸ் வந்தால் அது கடந்து அலை அடங்கும்வரை கரையிலேயே நில்லுங்கள், அந்த அலைதான் எஞ்சினுக்குள் தண்ணீர் ஏற்றும். பின்சீற்றுக்குக் கீழே பற்றரி உள்ள ஹைபிரிட் கார் என்றால் தரை நனையும் ஆழத்துக்கே போகாதீர்கள். பற்றரி நனைந்தால் செலவு பெரிது.

நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் சாவியைத் திரும்பத் திருப்பக் கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீர் காற்றைப்போல அமுங்காது, பிஸ்ரன் தண்டு வளைந்து எஞ்சின் போய்விடும். உழவு மெசினைக் கூப்பிட்டு இழுப்பியுங்கள். கரையேறிய பிறகு கால் லேசாகப் பிறேக்கில் இருக்க நூறு மீற்றர் மெதுவாக ஓடினால் பிறேக் காயும்.

மாடும் யானையும்

மாரியில் காணியெல்லாம் ஈரம். கட்டாக்காலி மாடுகள் காய்ந்த, சூடான இடம் தேடி ஏ9 இல் வந்து படுக்கும். கறுத்த மாடு கறுத்த தெருவில், முதுகைக் காட்டிப் படுத்திருந்தால் கண்ணும் மினுங்காது. மங்கல் லைற் முன்னால் 40 மீற்றர் அளவுதான் காட்டும். 70 கி.மீ. வேகத்தில், நனைந்த தெருவில், கண்டு பிறேக் அடித்து நிற்க ஏறத்தாழ 65 மீற்றர் வேண்டும். 50 கி.மீ.இல் என்றால் 40 மீற்றருக்குள் நிற்கலாம். இருட்டிவிட்டால் 50க்கு மேல் ஓடாதீர்கள் என்பதன் கணக்கு இதுதான். எதிரே வரும் வாகனம் கடந்த கையோடு கொஞ்சம் இன்னும் குறையுங்கள், கண் கூசி நிற்கும் அந்த இரண்டு விநாடிதான் மாட்டுக்கும் உங்களுக்கும் கூடாத நேரம். பின்லைற் இல்லாத உழவு மெசினும் அப்படியே. பொங்கலுக்குப் பிறகு வருகிறவர்கள் தெருவோரம் கல் வைத்துக் காயும் நெல்லையும் கவனியுங்கள். நெல்லில் சில்லு ஏறினால் மணலைவிட வழுக்கும்.

யானைக்குப் புத்தளம் தாண்டி வில்பத்து ஓரமும், இங்கே புளியங்குளத்துக் காட்டுப் பக்கமும், மாங்குளம்–ஒட்டுசுட்டான் வீதியும் கவனம். கண்டால் நூறு மீற்றர் தள்ளி நில்லுங்கள். ஹோர்ன் அடிக்காதீர்கள், லைற்றை அடித்து அணைக்காதீர்கள், எஞ்சினை நிறுத்தாதீர்கள், பின்னால் போக இடம் விட்டு நில்லுங்கள். ஒன்று கடந்ததும் வெளிக்கிடாதீர்கள், பின்னால் குட்டி வரும். பலாப்பழம் எறிந்து படம் எடுக்கிறவர்களைப் பார்த்து நீங்களும் இறங்காதீர்கள்.

முறிகண்டியில் எல்லா வாகனமும் நிற்கும். பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, கச்சானோடு ஏறும்போது ரயரையும் ஒருமுறை காலால் தட்டிப் பார்த்துவிடுங்கள்.

கடைசி இரண்டு கட்டை

தார்வீதி விட்டுக் கிரவல் ரோட்டில் இறங்கும்போதுதான் கனபேர் மாட்டுகிறார்கள். ரோட்டின் நடுவே கிடங்கைச் சுற்றிக் கரைக்கு ஒதுங்கினால், கரை மண் ஊறிப்போய்ச் சில்லை விழுங்கும். கிடங்கு ஆழமில்லை என்றால் அதற்குள்ளாலேயே மெதுவாகப் போவது கரைக்குப் போவதைவிட நல்லது. தண்ணீர் நிறைந்த கிடங்கில் ஆழம் தெரியாது, முன்னே போன சைக்கிளின் சில்லு எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள்.

புதைந்தால் அக்சிலேற்றரை அமத்தாதீர்கள். சில்லு சுற்றச் சுற்ற அச்சு மண்ணில் இருந்துவிடும். ஆள்களை இறக்கி, சில்லின் முன்னால் உள்ள சேற்றை மண்வெட்டியால் எடுத்து, தென்னோலையோ கிழிந்த சாக்கோ போட்டு, இரண்டாம் கியரில் மெதுவாக எடுங்கள். மெசின் இழுப்பதென்றால் கயிற்றைப் பம்பரில் கட்டக் கூடாது. ஜக்கோடு ஒரு இரும்புக் கொக்கி வைத்திருப்பார்கள், அதைப் பம்பரில் உள்ள சிறு மூடியைக் கழற்றி முறுக்கிப் பூட்டிக் கட்டுங்கள். கயிறு இறுகும்போது பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது, அறுந்தால் சவுக்குப்போல அடிக்கும்.

வீட்டில் மேட்டுப் பக்கமாக, படலையைப் பார்த்தபடி நிறுத்துங்கள், இரவில் தண்ணீர் ஏறினால் நேரே எடுக்கலாம். தென்னைக்குக் கீழே வேண்டாம். தண்ணீருக்குள்ளால் வந்த வாகனத்துக்கு அன்றிரவு கைப்பிறேக் இழுக்காதீர்கள். ஈரப் பிறேக் கறல் பிடித்து விடிய ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சில்லுக்கு ஒரு கல் வையுங்கள்.