அமெரிக்கப் பறிமுதல் சட்டம்: திருத்தப் போனவர்கள் கோட்டை விட்ட இடங்கள்

அமெரிக்க நீதிமன்றப் பதிவேட்டில் 'அமெரிக்க அரசு எதிர் 1,24,700 டாலர் ரொக்கம்' என்று ஒரு வழக்கு இருக்கிறது. அச்சுப்பிழை இல்லை. எதிர்வாதி அந்தப் பணமேதான். வாடகைக் காரில் ஓர் ஐஸ்பெட்டிக்குள் இருந்தது. காரில் போதைப்பொருள் எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் 2006-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசுப் பக்கமே தீர்ப்புச் சொன்னது. இதற்குப் பெயர் சிவில் பறிமுதல். ஆள் மேல் வழக்குப் போடாமலே அவருடைய பொருள் மேல் வழக்குப் போட்டு அரசு எடுத்துக்கொள்ளலாம்.

இதை மாற்றப் பல மாநிலங்கள் சட்டம் போட்டுவிட்டன. பாதிக்கு மேல் ஓட்டைப் பானை. ஏன் ஒழுகுகிறது என்று பார்த்தால் திரும்பத் திரும்ப அதே தவறுகள்.

முதலில் சொற்களைக் கலக்கக் கூடாது. போலீஸ் சாலையில் காரை நிறுத்திப் பணத்தை எடுத்து வைத்துக்கொள்வது கைப்பற்றுவது. அந்தப் பணம் சட்டப்படி அரசுக்கே சொந்தமாவது பறிமுதல். தண்டனை கிடைத்த பிறகு நடக்கும் குற்றவியல் பறிமுதல் இன்னொன்று. அதைப் பெரிதாக யாரும் எதிர்ப்பதில்லை. மூன்றையும் ஒரே மூச்சில் திட்டினால், "கடத்தல்காரன் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறீர்களா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதிலேயே கூட்டம் முடிந்துவிடும்.

அடுத்தது, 'தண்டனை இல்லாமல் பறிமுதல் இல்லை' என்ற ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் போதும் என்று நினைப்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான பொருள்கள் நீதிபதி முன்னால் வருவதே இல்லை. மத்திய அரசின் நடைமுறையில் அறிவிப்புக் கடிதம் வந்தால், அதில் குறித்த கெடுவுக்குள் உரிமை கோர வேண்டும். கடிதம் அனுப்பிய நாளிலிருந்து குறைந்தது 35 நாள் அவகாசம் கொடுத்தால் போதும் என்கிறது சட்டம். தவறவிட்டால் பொருள் போனதுதான். கைப்பற்றும் பணமும் பல நேரம் ஆயிரம், இரண்டாயிரம் டாலர்தான். அதை மீட்க வக்கீல் வைத்தால் அதைவிட அதிகம் செலவாகும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். வழக்கே நடக்காத இடத்தில் தண்டனை நிபந்தனை எதைக் காக்கும்? வசதியில்லாதவருக்கு வக்கீல், எளிய படிவம், நீண்ட கெடு ஆகியவற்றை மசோதாவிலேயே எழுத வேண்டும். 2000-இல் வந்த மத்தியச் சீர்திருத்தச் சட்டம் வென்றவருக்கு வக்கீல் செலவைத் தரச் சொல்கிறது. ஆனால் தோற்கப்போவது தெரிந்தால் அரசே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். 'நீங்கள் வெல்லவில்லையே' என்று அந்தச் செலவும் கிடைக்காமல் போவதுண்டு.

சாலையோரத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கத்தையும் மறக்கக் கூடாது. 'பணம் எனக்கு வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தால் போகலாம், இல்லாவிட்டால் கைது என்ற மிரட்டல். டெக்சாஸில் டெனஹா என்ற சிற்றூரில் இது நாறிப்போன பிறகுதான் 2011-இல் அந்த மாநிலம் அதைத் தடை செய்தது.

இப்போது பெரிய ஓட்டைக்கு வருவோம். 1984-இல் வந்த மத்தியச் சட்டம், பறிமுதல் பணத்தை மத்திய அரசும் உள்ளூர்ப் போலீசும் பங்கு போட வழி செய்தது. உள்ளூருக்கு 80 சதவீதம் வரை போகலாம். மாநிலச் சட்டம் கறாராக இருந்தால் வழக்கை மத்திய அரசிடம் தள்ளிவிட்டு, பங்கை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். மிசௌரியில் பறிமுதல் பணம் பள்ளிகளுக்குப் போக வேண்டும் என்பது விதி. அதனால் போலீஸ் மத்திய அரசு வழியாகச் சுற்றிப் போனது. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்துவைத்த கதை. 2015-இல் மத்திய அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் இந்த வழியைக் குறுக்கினார். 2017-இல் அதே பதவியில் இருந்த ஜெஃப் செஷன்ஸ் மறுபடி திறந்துவிட்டார். நிர்வாக உத்தரவை நம்பினால் இதுதான் கதி. நியூ மெக்சிகோ இதில் கெட்டிக்காரத்தனம் செய்தது. 50,000 டாலருக்கு மேல் மதிப்பு இல்லாத பொருளை மத்திய அரசிடம் ஒப்படைக்கவே கூடாது என்று 2015 சட்டத்தில் எழுதிவிட்டது.

பணம் யார் கைக்குப் போகிறது என்பதைத் தொடாத திருத்தம் நிலைக்காது என்பது என் கருத்து. யூட்டாவில் 2000-இல் மக்கள் வாக்கெடுப்பிலேயே போலீசுக்குப் பணம் போவதை நிறுத்தினார்கள். 2004-இல் சட்டமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. வருமானம் போனவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.

நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று காத்திருப்பதும் வீண். 2019-இல் டிம்ஸ் எதிர் இந்தியானா வழக்கில், மிதமிஞ்சிய அபராதத்துக்கு அரசியல் சட்டத்தில் உள்ள தடை மாநிலங்களுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அதிகபட்ச அபராதம் 10,000 டாலராக இருந்த குற்றத்துக்குச் சுமார் 42,000 டாலர் காரைப் பிடித்திருந்தார்கள். நல்ல தீர்ப்புதான், ஆனால் 2013-இல் பிடித்த கார் 2020-இல்தான் திரும்பியது. 2024-இல், மற்றவருக்குக் கொடுத்த காரை அலபாமாவில் போலீஸ் கைப்பற்றியதால் இரண்டு பெண்கள் போட்ட வழக்கு வந்தது. இறுதி விசாரணை வரை காரைப் போலீஸ் வைத்திருக்கலாமா என்று பார்க்கத் தனியாக ஓர் இடைக்கால விசாரணை அரசியல் சட்டப்படி கட்டாயமில்லை என்று அதே நீதிமன்றம் 6-3 எனத் தீர்ப்பளித்தது. அப்படி ஒரு விசாரணை வேண்டுமென்றால் சட்டமன்றம்தான் எழுதித் தர வேண்டும்.

அப்புறம், சட்டம் நிறைவேறியதும் கொண்டாடிவிட்டு வீட்டுக்குப் போவது. நியூ மெக்சிகோ சட்டம் இரு அவைகளிலும் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. ஆனாலும் அதே மாநிலத்தின் அல்புகர்க்கி நகரம், அது மாநிலத்துக்குத்தான், எங்களுக்கு இல்லை என்று கார்களைப் பிடித்துக்கொண்டே இருந்தது. மகனுக்குக் கொடுத்த காரை நகரம் கைப்பற்றியதால் ஒரு தாய் வழக்குப் போட்டார். எவ்வளவு வசூலோ அவ்வளவு செலவழிக்கலாம் என்ற ஏற்பாடு வழக்கு நடத்துபவர்களின் நிதானத்தைக் கெடுக்கக்கூடும் என்று 2018-இல் நீதிபதி சொன்னார். நல்ல சட்டம் வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.