“அப்போ கடவுளைப் படைச்சது யார்?”: கடவுள் விவாதத்தில் சறுக்கும் இடங்கள்

போன ஞாயிறு எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு கல்லூரி மாணவர் எழுந்தார். “எல்லாத்துக்கும் காரணம் இருக்குன்னா, கடவுளுக்கு யார் காரணம்?” என்று கேட்டுவிட்டு, கைதட்டலுக்காகச் சுற்றிலும் பார்த்தார். பாதிப் பேர் தட்டவும் செய்தார்கள். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. இருபது வயதில் நானும் இதே கேள்வியைக் கேட்டு இதே மாதிரி சுற்றிப் பார்த்தவன். கத்தாதே, திட்டாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

யாரும் சொல்லாததை மறுப்பது

உலகத்துக்கு ஒரு முதல் காரணம் வேண்டும், அதுவே கடவுள் என்பது முதற்காரண வாதம். அதை வைத்த பெரிய ஆட்கள் யாரும் “எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு” என்று தொடங்கவில்லை. இஸ்லாமியச் சிந்தனையாளர் கஸ்ஸாலி சொன்னது, தோன்றுகிற ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு என்பது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் முதல் சூத்திரமும் ‘அவன் அவள் அது’ என்று சுட்டப்படும் உலகத்தைப் பற்றித்தான் பேசுகிறது. அது தோன்றி, நின்று, ஒடுங்குவது. ஆகவே ஒடுக்கித் தோற்றுவிக்க ஒருவன் வேண்டும் என்பது வாதம். தோற்றமே இல்லாத ஒன்றை இந்த இரண்டுமே தொடவில்லை.

இடைக்காலக் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் கதை இன்னும் வேறு. உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்பதைத் தர்க்கத்தால் நிறுவ முடியாது என்று சொன்னவரே அவர்தான். அவர் பேசும் காரணத் தொடர் தாத்தா, அப்பா, மகன் என்று காலத்தில் பின்னால் போவதல்ல. கை கோலைத் தள்ளுகிறது, கோல் கல்லைத் தள்ளுகிறது. கோலுக்குச் சொந்த பலம் கிடையாது, எல்லாம் கையிடம் வாங்கிய இரவல். இப்படி இரவல் வாங்கி இயங்குபவை மட்டுமே இருக்க முடியுமா என்பது அவர் கேள்வி. அதற்குப் “பெருவெடிப்பே போதும்” என்று பதில் சொல்வது, பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொல்வதுதான்.

எனக்கு இது ஒரு விவாதப் போட்டியின் இறுதிச் சுற்றில் உறைத்தது. “எல்லாத்துக்கும் காரணம் உண்டுன்னு யாருங்க சொன்னது? ஒரு பேர் சொல்லுங்க” என்றார் எதிரணிப் பெண். கையிலிருந்த சீட்டைப் பார்த்தேன். ஒரே வரியை ஐந்து விதமாக எழுதி வைத்திருந்தேன். பெயர் ஒன்றுகூட இல்லை. அதோடு கோப்பை போயிற்று.

“கடவுளுக்கு யார் காரணம்?” என்ற கேள்வியை ஆங்கிலத் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலே 1927இல் ஓர் உரையில் கேட்டிருக்கிறார், அது வேறு விஷயம். ஆனால் 1948இல் பிபிசி வானொலியில் கோப்பிள்ஸ்டன் பாதிரியாரோடு வாதிட்டபோது அவர் எடுத்த ஆயுதம் வேறு: ஒவ்வொரு மனிதருக்கும் தாய் உண்டு, அதனால் மனித இனத்துக்கே ஒரு தாய் உண்டு என்று ஆகிவிடுமா? மறுப்பு என்றால் இது. எதிராளி உண்மையில் நிற்கிற இடத்தில் போய் விழுகிறது.

நம்புகிறவர்களும் சளைத்தவர்கள் அல்ல. “பரிணாமம்னா எல்லாம் தற்செயல்தானே?” என்பார்கள். சூழலுக்குப் பொருந்துவதைத் தக்கவைத்து மற்றதைக் கழிக்கும் இயற்கைத் தேர்வு தற்செயலுக்கு நேர் எதிர் என்று எத்தனை தடவைதான் சொல்வது!

இரண்டு தீமை வாதங்களை ஒன்றாக்குவது

உலகில் தீமை இருப்பதைக் காட்டிக் கடவுளை மறுப்பது தீமை வாதம். அதில் இரண்டு வகை. கடவுளும் தீமையும் சேர்ந்து இருக்கவே முடியாது என்றார் தத்துவவாதி மேக்கி (1955). இன்னொரு தத்துவவாதி வில்லியம் ரோ (1979) அவ்வளவு தூரம் போகவில்லை. காட்டுத்தீயில் வெந்து, யாரும் பார்க்காமல் நாள்கணக்கில் துடித்துச் சாகும் ஒரு மான்குட்டியைக் காட்டி, இதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கும் என்று நம்ப முடிகிறதா என்று கேட்டார். தீமைக்குக் காரணம் மனிதனின் சுதந்திரம் என்ற பதில் மேக்கியிடம் செல்லுபடியாகலாம். மான்குட்டியைத் துடிக்கவிட்டது யாருடைய சுதந்திரம்?

பாஸ்கலின் பந்தயம்

கடவுள் இருந்தால் நம்பியவருக்குப் பெரிய லாபம், இல்லாவிட்டால் பெரிய நட்டமில்லை, ஆகவே நம்புவதே புத்திசாலித்தனம் என்றார் பாஸ்கல். அது கடவுள் இருக்கிறார் என்பதற்கான வாதமே அல்ல.

ஒரு வாதம் விழுந்தால்

விழுந்தது அந்த வாதம் மட்டும். அதனாலேயே கடவுள் உண்டு என்றோ இல்லை என்றோ ஆகிவிடாது.

ஆத்திகர் என்றால் கடவுளை நம்புகிறவர்

இன்றைய பேச்சில் சரி. பழைய தர்க்க நூல்களைத் திறந்தால் மாட்டிக்கொள்வீர்கள். வேதச் சடங்குகளை ஆராய்ந்த தத்துவப் பள்ளியினரான மீமாம்சகர்கள் வேதத்தை ஏற்றார்கள், உலகைப் படைத்த கடவுளை ஏற்கவில்லை. அங்கே வேதத்தை ஏற்பவரே ஆத்திகர், அதனால் அவர்கள் ஆத்திகர்கள்.