பாறைக் கீறல்களைப் பார்க்கப் போகிறீர்களா? இவற்றைச் செய்யாதீர்கள்

உச்சி வெயிலில் போய் நின்றுவிட்டு, "இங்கே ஒன்றுமே இல்லையே" என்று திரும்புகிறவர்கள் நிறையப் பேர். வரலாற்றுக்கு முந்தைய மனிதர்கள் கல்லால் கொத்தியும் தேய்த்தும் போட்ட கோடுகள் பல இடங்களில் சில மில்லிமீட்டர் ஆழம்தான். நண்பகலில் அந்தப் பள்ளத்தில் நிழலே விழாது. காலையிலோ மாலையிலோ போங்கள். இருட்டிவிட்டால் இன்னும் நல்லது. டார்ச்சைப் பாறையை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்து மெல்ல நகர்த்துங்கள்; வெறுங்கல்லில் திடீரென்று ஒரு மான்கொம்பு எழும். விளக்கைக் கொஞ்சம் தூக்கினால் காணாமல் போகும்.

இந்தப் பொறுமை இல்லாதவர்கள்தான் சாக்பீஸை எடுக்கிறார்கள். என்னைக் கேட்டால், இதைவிடப் பெரிய தவறு இல்லை. தனக்குத் தோன்றிய கோட்டை ஒருவர் வரைந்துவிட்டால், அடுத்து வருபவரின் கண் அதைத்தான் பார்க்கும். துறைசார்ந்தவர்களும் இதில் தப்பவில்லை. நார்வேயின் ஆல்ட்டாவில் செதுக்கல்கள் தெளிவாகத் தெரியட்டும் என்று சிவப்புச் சாயம் பூசினார்கள். பிறகு அதை அகற்றும் வேலை வந்து சேர்ந்தது. சுவீடனின் தானுமில் நீங்கள் பார்க்கும் சிவப்பும் நம் காலத்துப் பூச்சுதான்.

கல்லில் படர்ந்த பாசியைச் சுரண்டாதீர்கள், பாறைத் தோலும் சேர்ந்து உரியும். கிடைமட்டப் பாறைமேல் நடக்கவும் வேண்டாம். செருப்படியில் ஒட்டிய மணல் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

"கார்பன் சோதனை செய்தார்களா?" என்று உடனே கேட்பதும் வழக்கம். காலத்தைக் கணிக்கும் அந்தச் சோதனைக்குக் கரிமப் பொருள், அதாவது மரம், எலும்பு, கரி போல உயிரிலிருந்து வந்தது வேண்டும். வெறும் கீறலில் அது ஏது? ஆல்ட்டாவில் காலத்தைச் சொன்னது கடற்கரை. பனியுகத்தில் நிலத்தை அழுத்திக்கிடந்த பனிப்பாறை உருகி, பாரம் நீங்கியதும் நிலம் மெதுவாக உயர்ந்தது; கடற்கரை கீழே இறங்கிக்கொண்டே போனது. கரையோரப் பாறையில்தான் செதுக்கினார்கள் என்பதால், உயரத்தில் இருப்பவை பழையவை, கீழே இருப்பவை பிந்தியவை.

ஒரே பாறையில் இருப்பதெல்லாம் ஒரே காலம் என்றும் எண்ணிவிடக் கூடாது. வயநாட்டு எடக்கல்லில் பழங்காலச் செதுக்கல்களுக்குப் பக்கத்திலேயே பிற்காலப் பிராமி எழுத்துகளும் இருக்கின்றன. (பெயர்தான் குகை. உண்மையில் அது பாறைப் பிளவு. மேலே ஒரு பெருங்கல் சிக்கிக் கூரையாக நிற்கிறது.)

குழியெல்லாம் மனிதர் குடைந்தது என்பதும் அவசரம்தான். மழைநீர் தேங்கித் தேங்கியும் பாறை குழியும். குழியைச் சுற்றி வட்டத்துக்குள் வட்டமாக வளையங்கள் இருந்தால், ஸ்காட்லாந்தின் அக்னாபிரெக்கில் இருப்பதுபோல், அது கைவேலை. இத்தாலியின் வால்கமோனிகாவில் தலையைச் சுற்றிக் கதிர்கள் உள்ள உருவங்களைக் காட்டி "விண்வெளி வீரர்" என்பவர்களிடம் வாதாடிப் பயனில்லை.

காவலில்லாத இடத்தில் புதிதாக ஒன்று கண்ணில் பட்டால், இருப்பிடத்தோடு படத்தை ஊருக்கெல்லாம் பகிராமல், முதலில் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். படத்தில் அளவுகோல் ஒன்றும் இருக்கட்டும்.