மிஸ்டை ஆன் செய்தால் ஃபேன் ஏன் நிற்கிறது?

கோத்தகிரியில் எங்கள் காளான் கொட்டகைக்கு பிக்16எஃப்877ஏ என்ற மைக்ரோகண்ட்ரோலர் சிப்பை வைத்து ஒரு போர்டு செய்து வைத்தேன். ஒரு ரிலே ஃபேனுக்கு, இன்னொன்று தண்ணீரைப் பனிபோலத் தெளிக்கும் மிஸ்ட் மோட்டாருக்கு. ஃபேன் நன்றாக ஓடும், மிஸ்டை ஆன் செய்ததும் நின்றுவிடும். மூன்று நாள் புரோகிராமையே குடைந்துகொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு அவுட்புட் பின்னுக்கும் உள்ளே ஒரு லாட்ச் உண்டு, நாம் எழுதிய 0 அல்லது 1 அதில்தான் உட்கார்ந்திருக்கும். ஆனால் இந்தச் சிப்பில் போர்ட்-பி-யை, அதாவது இந்த இரண்டு ரிலேக்களும் இருக்கும் எட்டு பின்களின் தொகுதியை, படித்தால் லாட்ச் வராது, அந்த நொடியில் பின்னில் இருக்கும் வோல்டேஜ்தான் வரும். அதோடு, ஒரு பிட்டை மட்டும் மாற்றச் சொன்னாலும் சிப் எட்டையும் படித்து, ஒன்றை மாற்றி, எட்டையும் திருப்பி எழுதும். நான் ஃபேன் பின்னிலிருந்து, ரிலேயை இயக்கும் பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸுக்கு ரெசிஸ்டரே இல்லாமல் வயர் இழுத்திருந்தேன். மீட்டர் வைத்துப் பார்த்தால் 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 0.7! சிப்புக்கு அது 0. மிஸ்டுக்கு 1 எழுதும்போது ஃபேனுக்கு அந்த 0-வையும் சேர்த்து எழுதிவிட்டது.

முதலில் பேஸுக்கு 1 கிலோ ஓம் போடுங்கள், இல்லையென்றால் பின்னின் 25 மில்லிஆம்ப் வரம்பும் தாண்டிப்போகும். அப்புறம் புரோகிராமில் ஒரு வேரியபிள் வைத்து, பிட்டை அதில் மாற்றி, முழு பைட்டையும் போர்ட்டில் எழுதுங்கள். போர்ட்டைப் படித்து மாற்றவே வேண்டாம். பிக்18 வகைச் சிப் என்றால் இந்தச் சுற்றுவழி தேவையில்லை, லாட்ச்சையே நேராகப் படிக்கவும் எழுதவும் லாட்-பி இருக்கிறது, எழுதுவதெல்லாம் அதில்தான்.

ஆர்டுயினோ யூனோவில் இருக்கும் ஏடிமெகா328பி-யில் இரண்டும் தனித்தனி: போர்ட்-பி நாம் சொன்னது, பின்-பி உண்மையில் நடந்தது. பின்-பி-யில் தெரியாமல் 1 எழுதிவிடாதீர்கள், அந்த அவுட்புட் தலைகீழாக மாறிவிடும். போர்ட்-பி-யில் எழுதிய கையோடு பின்-பி-யைப் படித்தால் பழைய மதிப்பே வரும், நடுவில் ஒரு நாப் (ஒன்றும் செய்யாத கட்டளை) போடுங்கள்.

அவுட்புட் பின்னை எதற்குப் படிக்கவேண்டும் என்று கேட்கலாம். எங்கள் கொட்டகைக்குப் போகும் வயரை எலி கடிக்கும். 1 எழுதிவிட்டு அந்தப் பின்னைப் படிக்கும்போது 0 வந்தால், ரெசிஸ்டருக்கு முன்னால் எங்கோ வயர் கிரவுண்டில் ஒட்டியிருக்கிறது. உடனே 0 எழுதி பஸ்ஸரை அடிக்க வைத்திருக்கிறேன்.