வரையக் கற்க ஒரு வரிசை: கோட்டில் தொடங்கி நிழல் வரை

"எனக்கு வரையவே வராது" என்பவர்களில் பலர், எடுத்த எடுப்பிலேயே ஒரு முகத்தை வரைந்து பார்த்துவிட்டு ஒதுங்கியவர்கள். முகம் ரொம்பப் பின்னால் வர வேண்டிய பாடம். அதற்கு முன் கோடு, பெட்டி, நீள்வட்டம், அளவு, நிழல் என்று இதே வரிசையில் போனால், ஒன்றில் கற்றது அடுத்ததற்கு உதவும்.

எச்பி, 2பி, 4பி பென்சில்கள், கோடு போடாத ஒரு நோட்டு. இவ்வளவு போதும். பென்சில் முனையில் கிராஃபைட்டோடு களிமண்ணும் கலந்திருக்கும். களிமண் கூடினால் கோடு வெளிறும், குறைந்தால் கறுக்கும். இந்த மூன்றில் எச்பி வெளிறியது, 4பி மிகக் கறுப்பு. ரப்பரை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். தப்பிய கோடு கண்ணெதிரே இருந்தால்தான், எந்தப் பக்கம் எவ்வளவு விலகியது என்று தெரியும்.

1. கோடு

தாளில் தள்ளித் தள்ளி இரண்டு புள்ளிகள் வையுங்கள். பென்சிலைத் தாளில் படாமல் இரண்டுக்கும் நடுவே சில முறை ஓட்டிப் பாருங்கள். அப்புறம் ஒரே இழுப்பு. கண் பென்சில் முனையில் இருக்கக் கூடாது, போய்ச் சேர வேண்டிய புள்ளியில் இருக்க வேண்டும். மணிக்கட்டை மட்டும் திருப்பினால் நீளக் கோடு வளைந்துவிடும், தோளிலிருந்து கையை நகர்த்துங்கள். கோடு புள்ளியைத் தாண்டிப் போனாலும் பரவாயில்லை. துண்டு துண்டாக ஒட்டுப்போட்ட கோடுதான் வேண்டாம்.

2. பெட்டி

தாளில் ஒரு கிடைக்கோடு, அது உங்கள் கண்ணின் உயரத்தைக் குறிக்கும் கண்மட்டம். அதன் இரு ஓரங்களில் ஒவ்வொரு புள்ளி. பெட்டியின் செங்குத்து விளிம்புகள் நேராக நிற்க, மற்றவை இந்தப் புள்ளிகளை நோக்கிக் குறுகும். கண்ணாடிப் பெட்டி போல, மறைந்திருக்கும் விளிம்புகளையும் சேர்த்து 12 விளிம்புகளையும் வரையுங்கள்.

3. நீள்வட்டம்

இங்கேதான் நிதானம் தேவை. ஒரு கப்பைக் கண்மட்டத்துக்கு நேராகப் பிடியுங்கள்: அதன் வாய் வெறும் கோடாகத் தெரியும். மெல்லக் கீழே இறக்குங்கள்: வாய் திறந்து நீள்வட்டமாகும். நேர் மேலிருந்து குனிந்து பார்த்தால் முழு வட்டம். ஆக, கண்மட்டத்துக்குக் கீழே போகப்போக நீள்வட்டம் அகலமாகத் திறக்கிறது.

சரி, கப்பை மேசையில் வைத்தால்? அடிப்பகுதி வாயைவிடக் கீழே இருக்கிறது. எனவே அடியின் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். புதிதாக வரைபவர்கள் வாயை வளைவாகப் போட்டுவிட்டு, அடியை மட்டும் நேர்க்கோடாக்கிவிடுவார்கள். மேசை தட்டையானது என்று மனதுக்குத் தெரியும், கை அதையே வரைந்துவிடுகிறது. கண் பார்ப்பதை வரைய வேண்டும்.

முதலில் நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். இருபக்கமும் சமமாக வருகிறதா என்று சரிபார்க்க அது உதவும். நீள்வட்டத்தின் இரு ஓரங்களும் உருண்டு திரும்ப வேண்டும், கூர்மையாகக் கூடாது. அடியில் மறைந்திருக்கும் பின்பாதியையும் மெல்லிதாக வரைந்துவிடுங்கள்.

4. அளவு

ஒரு கண்ணை மூடி, முழங்கை மடியாமல் கையை நீட்டி, பென்சில் முனையைக் கப்பின் விளிம்பிலும் கட்டைவிரலை அடியிலும் பொருத்துங்கள். அது உயரம். பென்சிலைப் படுக்கவைத்து அகலத்தோடு ஒப்பிடுங்கள். முழங்கை மடிந்தால் அளவு மாறிவிடும். கைப்பிடி வரவில்லையா? கைப்பிடிக்கும் கப்புக்கும் நடுவில் தெரியும் வெற்றிடத்தின் வடிவத்தை வரையுங்கள், கைப்பிடி தானாக அமையும்.

5. நிழல்

ஒரே ஒரு விளக்கு இருக்கட்டும். கண்களைச் சுருக்கிப் பார்த்து, வெளிச்சம், நிழல் என்று முதலில் இரண்டாக மட்டும் பிரியுங்கள். நிழல் பக்கத்தின் ஓரத்தில் மேசையிலிருந்து எதிரொளிக்கும் மெல்லிய வெளிச்சம் தெரியும். அதை வெளிச்சப் பக்கம் அளவுக்கு வெளுப்பாக்கிவிட்டால் உருட்சி போய்விடும். கப் மேசையைத் தொடும் இடத்தில் 4பி. விரலால் தேய்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை, அழுக்காகத்தான் முடியும்.

அடுத்து, கப்பின் பக்கத்தில் ஒரு பெட்டியை வைத்து இரண்டையும் ஒரே தாளில் வரையுங்கள். பெட்டியின் குறுகும் கோடுகளை நீட்டி, அவை சேரும் கண்மட்டத்தைக் கண்டுபிடியுங்கள். அது கப்பின் வாயை ஒட்டி வந்திருந்தும் வாய் அகலமாகத் திறந்திருந்தால், இரண்டில் ஒன்றைத் திரும்ப வரைய வேண்டியிருக்கும்.