பழைய டிஸ்கவரி, எக்ஸ்5 கியர்பாக்ஸ் தகராறு: பாக்ஸை இறக்கும் முன் செய்ய வேண்டியவை

டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்குக் கெடுபிடி வந்த பிறகு, லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3, ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட், பிஎம்டபிள்யூ எக்ஸ்5 போன்றவை அடிமாட்டு விலைக்கு வெளிமாநிலங்களுக்குப் போகின்றன. பெங்களூரிலும் அப்படி வந்த வண்டிகள் நிறைய. வாங்கிய கொஞ்ச நாளில் சில்க் போர்டு நெரிசலில் 'கியர்பாக்ஸ் ஃபால்ட்' என்று மஞ்சள் எழுத்து எரியும். கேராஜில் விட்டால், "பாக்ஸ் போச்சு சார், இறக்கணும்" என்பார்கள். அதற்குத் தலையாட்டும் முன் வரிசையாகப் பார்க்க வேண்டியவை சில உண்டு.

இங்கே சொல்வது இசட்.எஃப். 6எச்பி வகை ஆறு கியர் பாக்ஸுக்கு. டிஸ்கவரி 3 டீசல், அதே காலத்து ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட், 2007 முதல் 2010 வரையிலான எக்ஸ்5 ஆகியவற்றில் இதுதான். மெர்சிடிஸ் எம்.எல்., ஆடி க்யூ7 ஆகியவற்றில் பாக்ஸும் வேறு, ஆயிலும் வேறு. இந்த அளவுகளை அவற்றுக்குப் போடாதீர்கள்.

முதலில் பேட்டரி

சிரிப்பாக இருக்கலாம், ஆனால் இதுதான் முதல் வேலை. இந்த வண்டிகளில் கம்ப்யூட்டர்கள் ஏராளம். வோல்டேஜ் குறைந்தால் ஒன்று சொல்வது மற்றொன்றுக்குக் கேட்காது, உடனே கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் என்று எல்லா எச்சரிக்கையும் ஒன்றாக எரியும். வாரம் முழுக்க மெட்ரோவில் போய்விட்டு, ஞாயிறு மட்டும் பேஸ்மென்டிலிருந்து வண்டியை எடுப்பவர்களுக்கு இது சகஜம்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் மல்டிமீட்டரை வையுங்கள். 12.4 வோல்டுக்குக் கீழே இருந்தால் சார்ஜ் போட்டுப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் நடுவில் இருக்க வேண்டும். டிஸ்கவரி 3 என்றால் பிரேக் லைட் சுவிட்சையும் கையோடு மாற்றிவிடலாம். அந்தச் சின்ன சுவிட்ச் கெட்டாலே டாஷ்போர்டு முழுக்க எச்சரிக்கைகள் வரும்.

ஸ்கேன்

சில நூறு ரூபாய் ப்ளூடூத் ஸ்கேனர் பெரும்பாலும் இன்ஜின் கோடுகளோடு (வண்டி பதிந்து வைக்கும் கோளாறு எண்கள்) நின்றுவிடும். கியர்பாக்ஸ் மாட்யூலை, அதாவது பாக்ஸின் கம்ப்யூட்டரைப் படிக்கிற கருவி வேண்டும். கோடுகளை அழிக்கும் முன் போட்டோ எடுத்து வையுங்கள். பி0741 என்றால் டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகப் பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) லாக்-அப், அதாவது அதை நேரடியாகப் பூட்டும் கிளட்ச், சரியாகப் பிடிக்கவில்லை. பி0730 என்றால் கியர் விகிதம் தப்பாக வருகிறது, அதாவது உள்ளே ஏதோ வழுக்குகிறது. பி0218 சூடு அதிகம். அழித்துவிட்டு ஓட்டும்போது எது திரும்ப வருகிறதோ அதுதான் உண்மையான புகார்.

ஓட்டிப் பார்ப்பது

பெங்களூரைச் சுற்றிப் போகும் நைஸ் ரோடு இதற்கு வசதி. 60 முதல் 80 வரையிலான வேகத்தில், ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தபடி ஒரே சீராகப் போங்கள். ரம்பிள் ஸ்ட்ரிப் மேல் போவது போல உடம்பு அதிர்ந்து, ஆர்பிஎம் முள்ளும் மெல்ல ஆடினால் அது லாக்-அப் நடுக்கம். ஆயில் மாற்றினால் பல வண்டிகளில் இது குறையும். ஆர்பிஎம் ஏறியும் வண்டி இழுக்கவில்லை என்றால் அது வழுக்கல், ஆயிலால் தீராது. நிறுத்தப் போகும்போது பின்னாலிருந்து 'டொக்' என்று ஒரு தட்டு வந்தால் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் (சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டு), டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நான்கு டயரும் ஒரே தேய்மானத்தில் இல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் அடிவாங்கும்.

ஆயில் மாற்றுவது

'லைஃப்டைம் ஆயில், மாற்ற வேண்டாம்' என்பது கார் கம்பெனிகள் சொன்னது. பாக்ஸ் தயாரித்த இசட்.எஃப். சொல்வது 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டர், அல்லது 8 வருடம். நம்ம ஊர் நெரிசலுக்குக் கீழ்க்கணக்கைப் பிடிப்பதே நல்லது.

வாங்க வேண்டியவை: லைஃப்கார்ட் 6 ஆயில் 7 லிட்டர், கைவசம் இன்னும் 1 லிட்டர், ஃபில்டரோடு வரும் சம்ப் (பாக்ஸின் அடியிலுள்ள ஆயில் தட்டு), புது போல்ட்டுகள், மெக்கட்ரானிக் ஸ்லீவ் (ஒயரிங் பிளக் நுழையும் இடத்தில் ஆயில் கசியாமல் தடுக்கும் உறை) ஒன்று. பெங்களூரின் உதிரிபாகக் கடைத்தெருவான ஜே.சி. ரோட்டில் தமிழிலேயே பேரம் பேசலாம், ஆனால் ஆயில் டப்பாவின் சீலில் மட்டும் பேரம் வேண்டாம். டெக்ஸ்ரான் 3 என்ற வேறு வகை கியர் ஆயிலைக் காட்டி "இதுவும் அதேதான் சார்" என்பவரிடம் வாங்காதீர்கள்.

வேலையை டூ-போஸ்ட் லிஃப்ட் உள்ள இடத்தில் செய்யுங்கள். டிஸ்கவரி ஏர் சஸ்பென்ஷன் வண்டி, தானாகக் கீழே இறங்கும். ஜாக் ஸ்டாண்டு இல்லாமல் அடியில் படுப்பது உயிரோடு விளையாட்டு. நான்கு சக்கரமும் ஓடுகிற வண்டி என்பதால், முன்பக்கம் மட்டும் தூக்கி கியர் போட்டால் தரையிலிருக்கும் பின்சக்கரம் வண்டியை ஸ்டாண்டிலிருந்து தள்ளிவிடும்.

1. ஊற்றும் துளையின் பிளக்கை முதலில் தளர்த்துங்கள். அது திறக்காமல் போய், வடிப்பதை மட்டும் வடித்துவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும்.

2. ஆயிலை அளவு போட்ட கேனில் வடியுங்கள். சம்பையும் கழற்றினால் வழக்கமாக 5, 6 லிட்டர் வரும், மீதி கன்வெர்ட்டரில் தங்கும். இதைவிட நிறையக் குறைந்தால் முன்பே ஆயில் பற்றாக்குறை என்று அர்த்தம். பழைய ஆயிலை ராஜகாலுவேயில் (மழைநீர்க் கால்வாய்) ஊற்றாமல் கேராஜில் கொடுங்கள்.

3. சம்பில் 21 போல்ட், டி40 டார்க்ஸ் (தலையில் நட்சத்திரப் பள்ளம் உள்ளவை). தலையில் இருக்கும் மண்ணைச் சுத்தம் செய்யாமல் டார்க்ஸ் சாவியைப் போட்டால் பள்ளம் வழித்துக்கொண்டு போகும். டிஸ்கவரியில் குறுக்குச் சட்டம் தடுப்பதால் பழைய பிளாஸ்டிக் சம்ப் வெளியே வராது. அதன் ஃபில்டர் கழுத்தை வெட்டி எடுத்துவிட்டு, ஃபில்டர் தனியாக வரும் இரும்பு சம்பைப் போடுவதுதான் வழக்கம்.

4. சம்பில் உள்ள காந்தங்களைப் பாருங்கள். சாம்பல் நிறக் குழைவு இயல்பானது. விரலில் குத்தும் உலோகச் சீவல்களும் கருப்புத் துணுக்குகளும் கிடந்தால் கிளட்ச் தேய்ந்து கரைகிறது.

5. ஒயரிங் பிளக் உள்ளே நுழையும் இடத்தில்தான் மெக்கட்ரானிக் ஸ்லீவ். அதன் ரப்பர் வளையம் இறுகிப்போய் அங்கிருந்து கசியும், வண்டி நின்ற இடத்தில் சொட்டு விழும். சம்ப் திறந்திருக்கும்போதே உள்பக்கப் பூட்டை நகர்த்தி ஸ்லீவை வெளியே இழுத்து மாற்றிவிடலாம்.

6. போல்ட்டுகளைக் குறுக்குமறுக்காக இறுக்குங்கள். எஃகு போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும்.

அளவு பார்ப்பது

ஆயில் மாற்றிய பிறகு 'இன்னும் மோசமாகிவிட்டது' என்று வரும் வண்டிகளில் பெரும்பாலும் கோளாறு இங்கேதான். இந்தப் பாக்ஸில் டிப்ஸ்டிக் கிடையாது. ஆயில் சூட்டில் விரியும் என்பதால் 30 முதல் 50 டிகிரிக்குள், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அளவு எடுக்க முடியும். இன்ஜினை அணைத்துவிட்டு துளை வழிய ஊற்றினால் நிரம்பியதாகத் தோன்றும். ஸ்டார்ட் செய்ததும் கன்வெர்ட்டர் இழுத்துக்கொள்ள, உள்ளே ஆயில் குறைந்துவிடும்.

அதனால் வண்டி ஆறியிருக்கும் காலை நேரத்தில் ஆரம்பியுங்கள். வண்டி மட்டமாக இருக்கட்டும். துளை வழியும் வரை ஊற்றி, ஸ்டார்ட் செய்து, மறுபடி வழியும் வரை ஊற்றுங்கள். ஒருவர் உள்ளே பிரேக்கை மிதித்தபடி ஆர், டி, பிறகு கைமுறையில் 2, 3 என்று ஒவ்வொன்றிலும் சில வினாடி நிறுத்தி, பார்க்கிங்குக்கு வரட்டும். ஸ்கேனரில் சூடு 40 பக்கம் வரும்போது துளையிலிருந்து மெல்லிய நூலாக ஒழுகினால் அளவு சரி, பிளக்கை மூடிவிடுங்கள். ஒழுகவில்லை என்றால் இன்னும் ஊற்றுங்கள். 50 தாண்டிவிட்டால் அணைத்து ஆறவிட்டு மறுபடி தொடங்குங்கள். அவசரப்பட்டு அந்தச் சூட்டில் எடுத்த அளவு தப்பாகத்தான் இருக்கும்.

பிறகு ஸ்கேனரில் அடாப்டேஷனை, அதாவது பாக்ஸ் இதுவரை கற்றுவைத்த ஷிஃப்ட் பழக்கத்தை, ரீசெட் செய்யுங்கள். பாக்ஸ் புதிதாகக் கற்றுக்கொள்ளும் வரை ஒன்றிரண்டு ஷிஃப்ட் முரட்டுத்தனமாக இருக்கும். ஒரு தடவையில் பாதிக்குச் சற்று மேல்தான் ஆயில் மாறுவதால், சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடி மறுபடி ஒருமுறை மாற்றுவது நல்லது.

அப்படியும் வழுக்கினால்

எந்த கியரில் வழுக்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பாக்ஸில் 'ஏ' கிளட்ச் 1 முதல் 4 வரை பிடிக்கும், 'இ' கிளட்ச் 4, 5, 6-இல் பிடிக்கும், 'பி' கிளட்ச் 3, 5, ரிவர்ஸில். 1, 2, 3 நன்றாக இருந்து 4, 5, 6 மட்டும் வழுக்கினால் சந்தேகம் 'இ' மேல். ரிவர்ஸோடு 3, 5 மட்டும் கெட்டால் 'பி'. இதைச் சொல்லிவிட்டு மெக்கானிக் என்ன பதில் சொல்கிறார் என்று கவனியுங்கள். விஷயம் தெரிந்தவர் அங்கேயே அடுத்த கேள்வி கேட்பார்.

பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், டார்க் கன்வெர்ட்டரையும் ரீபில்டு செய்யச் சொல்லுங்கள். ஆயில் கூலரையும் மாற்றச் சொல்லுங்கள், குறைந்தது கழுவியாவது தரட்டும். பழைய கூலரில் தங்கிய உலோகத் தூள் முதல் சில கிலோமீட்டரிலேயே புது வால்வ் பாடிக்குள் (ஆயில் அழுத்தத்தைக் கிளட்ச்சுகளுக்குப் பிரித்து அனுப்பும் பாகம்) போய்ச் சேரும். வண்டியைக் கேராஜுக்குக் கொண்டுபோவதும் ஃபிளாட்பெட் லாரியில்தான்: இரண்டு சக்கரத்தை மட்டும் தூக்கி இழுத்தால் டிரான்ஸ்ஃபர் கேஸும் சேர்ந்து போகும்.