பேச்சு நிற்காத வேகத்தில் ஓடுங்கள்: நெடுந்தூர ஓட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை காலை நாலே முக்கால் மணி. பெசன்ட் நகர் கடற்கரையில், ஷ்மிட் நினைவிடத்துக்குப் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருப்போம். ஒருவர் ஷூ லேஸை அவிழ்த்துத் திரும்பக் கட்டுவார். இன்னொருவர் எல்லாருக்குமாக ஒரு சீப்பு வாழைப்பழத்தை ஸ்கூட்டர் டிக்கியில் வைத்திருப்பார். கிளம்பினால் திரு.வி.க. பாலம், சாந்தோம், மெரினா, திரும்ப அதே வழி. வங்கியில் ஓய்வு பெற்றவர், குழந்தை பிறந்த பிறகு ஓட ஆரம்பித்த பல் மருத்துவர், டூவீலர் மெக்கானிக், கல்லூரி மாணவன் என்று கலவையான கூட்டம். ஓட்டம் இல்லாவிட்டால் இவர்களில் ஒருவரைக்கூட எனக்குத் தெரிந்திருக்காது. இன்று என் வீட்டு நல்லது கெட்டது எல்லாம் முதலில் இவர்களுக்குத்தான் தெரியும்.

பன்னிரண்டு வருடமாக ஓடுகிறேன். ஆசையாக வந்து ஆறே மாதத்தில் நின்றுபோனவர்களையும் நிறையப் பார்த்துவிட்டேன். அவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. ஆர்வம் அதிகமாகி, எல்லாரும் செய்கிற அதே நாலைந்து தவறுகளைச் செய்து, வலியோடு போனவர்கள். கூட ஓடுபவர் சொன்னதைக் கொஞ்சம் காதில் வாங்கியிருந்தால் அவற்றில் பாதி நடந்தே இருக்காது.

தினமும் மூச்சுமுட்ட ஓடுவது

முதல் தவறு இதுதான், பெரிய தவறும் இதுதான். புதிதாக வருபவர்களுக்கு ஓட்டம் என்றாலே பள்ளி விளையாட்டு விழாவின் நூறு மீட்டர் பந்தயம் நினைவுக்கு வருகிறது. நாக்கு தள்ளவில்லை என்றால் ஓடியதாகவே அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. நெடுந்தூர ஓட்டம் அப்படியே நேர்மாறானது. பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். ‘நேற்று ராத்திரி மாமியார் ஊரிலிருந்து வந்தார்கள், பையனுக்குப் பரீட்சை’ என்று தடங்கலில்லாமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. ‘ம்’, ‘ஆமா’ என்று சுருங்கிவிட்டால் வேகம் கூடிவிட்டது. இதைவிட நம்பகமான கருவியைக் கைக்கடிகாரத்தில் நான் இன்னும் பார்க்கவில்லை.

இந்த மெதுவான ஓட்டத்தில்தான் தசைக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகுகின்றன, கொழுப்பை எரித்துச் சக்தி எடுக்க உடம்பு பழகுகிறது. உலகின் முன்னணி மாரத்தான் வீரர்களும் வாரத்தின் பெரும்பகுதியை அவர்களுக்கு எளிதான வேகத்தில்தான் ஓடுகிறார்கள். வேகப் பயிற்சி வாரத்துக்கு ஒரு நாள் போதும். அதையும் முதல் சில மாதங்களுக்குத் தள்ளி வைக்கலாம்.

நடுவில் ஒரு நிமிடம் நடப்பதை அவமானமாக நினைப்பவர்களும் இருக்கிறார்கள். எங்கள் குழுவில் நாலு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடந்தே ஃபுல் மாரத்தான் முடித்த பெண்மணி இருக்கிறார். அவருக்கு வயது அறுபத்திரண்டு.

சென்னையில் இருந்துகொண்டு பெங்களூரு வேகத்தைப் பார்ப்பது

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலையில் குளுகுளுவென்று இருக்கும். இங்கே விடியற்காலை ஐந்து மணிக்கே காற்றில் ஈரம் கனமாக நிற்கும். வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் அது காயாமல் வழிந்து ஷூவுக்குள் இறங்குகிறது. உடம்புச் சூடு அப்படியே உள்ளே தங்குகிறது. அதைத் தணிக்க ரத்தம் தோலுக்குப் போகிறது, தசைக்குக் கிடைப்பது குறைகிறது, இதயம் கூடுதலாக அடிக்கிறது. ஆகவே அதே ஆள், அதே உழைப்புக்கு, இங்கே மெதுவாகத்தான் ஓட முடியும். அலைபேசிச் செயலியில் வெளியூர் நண்பரின் நேரத்தைப் பார்த்துவிட்டு மே மாதத்தில் அதை எட்டிப் பிடிக்கப் போவது ஆபத்து.

என்ன ஆபத்து என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு ஏப்ரல் ஞாயிறு, பதினெட்டாவது கிலோமீட்டர். எங்களோடு வந்த இளைஞர் திடீரென்று பேச்சை நிறுத்தினார். கொஞ்ச தூரம் போனதும் கைகளைக் கட்டிக்கொண்டு ‘குளிருது’ என்றார். கையில் மயிர்க்கூச்செறிந்திருந்தது. எந்தப் பாலத்தைத் தாண்டினோம் என்று கேட்டால் பதில் குழறியது. ஆனால் தனக்கு ஒன்றுமில்லை, ஓடலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பல் மருத்துவர்தான் கையைப் பிடித்து நடைபாதையில் உட்கார வைத்தார். பக்கத்து டீக்கடைக்காரர் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக் கொடுத்தார். தலையிலும் கழுத்திலும் அக்குளிலும் ஊற்றிக்கொண்டே ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனோம். நல்லபடியாகத் தேறினார்.

வெப்பத் தாக்கு முதலில் குழப்புவது மூளையை. அதனால் பாதிக்கப்பட்டவருக்கே அது தெரியாது, கூட ஓடுபவருக்குத்தான் தெரியும். வெயில் காலத்தில் நீண்ட தூரத்தைத் தனியாக ஓடாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

தண்ணீரில் இரண்டு பக்கமும் தவறு

குடிக்காமல் ஓடுவது ஒரு தவறு. பயந்துபோய், பந்தய வழியில் வைத்திருக்கும் ஒவ்வொரு தண்ணீர் மேஜையிலும் இரண்டு டம்ளர் குடிப்பது இன்னொரு தவறு. இரண்டாவது பலருக்குத் தெரிவதில்லை. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதம் பேருக்குச் சோடியம், அதாவது ரத்தத்தில் உள்ள உப்புச் சத்து, அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஓடி முடிக்கும்போது எடை கூடியிருந்தவர்களுக்கே இது அதிகம். அதாவது வேர்த்ததைவிட அதிகமாகக் குடித்தவர்களுக்கு. சோடியம் மிகவும் குறைந்தால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

தாகத்துக்குக் குடியுங்கள், வாய் வாயாக. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் உப்பும் சேரட்டும். ஓ.ஆர்.எஸ். பொடி, உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, மோர், எது வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதோ அது. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒரே உடையில் எடை பார்த்தால் எவ்வளவு வேர்க்கிறது என்பது ஓரளவு பிடிபடும்.

நண்பர் பதிவு செய்துவிட்டார் என்று நாமும் பதிவு செய்வது

ஜூலை, ஆகஸ்டில் வாட்ஸப் குழுவில் ஒரு அலை கிளம்பும். ஜனவரியில் சென்னை மாரத்தான். ஒருவர் ‘ஃபுல் போட்டுட்டேன்’ என்று பதிவுச் சீட்டின் படத்தைப் போடுவார். அரை மணி நேரத்தில் ஆறு பேர் போட்டுவிடுவார்கள். அதில் இரண்டு பேர் பத்து கிலோமீட்டரே இன்னும் ஓடியிருக்க மாட்டார்கள்.

நட்பின் சந்தோஷம் அது, எனக்கும் பிடிக்கும். ஆனால் ஃபுல் மாரத்தானின் 42.195 கிலோமீட்டர் என்பது பெரிய தூரம். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாணும் எலும்பும் அப்படியல்ல, மாதக்கணக்கில் மெதுவாகத்தான் உறுதிப்படும். மூச்சு தாராளமாக இருக்கிறதே என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகும் அந்த இடைவெளியில்தான் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு வலிக்க ஆரம்பிக்கும், காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது குதிகால் சுள்ளென்று குத்தும். தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, மூன்று வாரம் ஏற்றினால் நாலாவது வாரம் இறக்குங்கள். முதல் வருடம் டென் கே என்கிற பத்து கிலோமீட்டர், ஹாஃப் என்கிற அரை மாரத்தான் போதும். நண்பர் ஃபுல் ஓடுகிறாரா? முப்பதாவது கிலோமீட்டரில் தர்பூசணித் துண்டோடு நில்லுங்கள். அவருக்கு அப்போது உங்கள் முகத்தைப் பார்ப்பதைவிடப் பெரிய பரிசு கிடையாது.

அந்த முப்பது சும்மா சொன்ன எண் அல்ல. தசையிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு பலருக்கு அந்த இடத்தைச் சுற்றித்தான் தீர ஆரம்பிக்கிறது. கால் சிமெண்ட் மாதிரி கனக்கும், காரணமில்லாமல் அழுகை வரும். முதல் பத்து கிலோமீட்டரைக் கூட்டத்தின் உற்சாகத்தில் வேகமாக ஓடியவர்களுக்கு அது சீக்கிரமே வந்துவிடும். முதல் பாதியில் நிதானம், நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை பேரீச்சையோ கடலை மிட்டாயோ எனர்ஜி ஜெல்லோ கொஞ்சம். அன்று என்ன சாப்பிடப் போகிறீர்களோ அதைப் பயிற்சி ஓட்டங்களிலேயே சாப்பிட்டுப் பாருங்கள். ஷூவுக்கும் இதே விதிதான். உராயும் இடங்களில் வாஸலின் தடவுங்கள், கால் நகத்தை வெட்டுங்கள். இருட்டில் சாலையில் ஓடும்போது வண்டிகளுக்கு எதிர்த்திசையில், காதில் எதுவும் மாட்டாமல் ஓடுங்கள்.

கடைசி ஆளை விட்டுவிட்டுப் போவது

இது உடம்புக்குச் செய்யும் தவறு அல்ல, குழுவுக்குச் செய்வது. எனக்கு இதில்தான் அதிகம் மனசு வலிக்கும். புதிதாக வந்த ஒருவரை ‘வாங்க வாங்க’ என்று அழைத்துவிட்டு, இரண்டாவது கிலோமீட்டரில் எல்லாரும் முன்னே போய்விடுவோம். அவர் இருட்டில் தனியாக ஓடி, தனியாக நடந்து, முடிக்கும்போது மற்றவர்கள் காபி குடித்துக் கலைந்திருப்பார்கள். அடுத்த ஞாயிறு அவர் வரமாட்டார். ஒரு பெண்ணாக இருந்தால் இதில் பயமும் சேர்ந்துகொள்கிறது. எங்கள் குழுவுக்கு வந்த பெண்கள் பலர் முதலில் கேட்ட கேள்வி ‘எவ்வளவு தூரம்?’ அல்ல, ‘கடைசியில் யார் வருவார்கள்?’ என்பதுதான்.

இதற்கு ஒரு நல்ல வழியை இங்கிலாந்தில் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். 2004 அக்டோபரில் லண்டனின் புஷி பூங்காவில் பதின்மூன்று பேரோடு தொடங்கியது பார்க்ரன். சனிக்கிழமைதோறும் ஐந்து கிலோமீட்டர், கட்டணம் கிடையாது, இன்று பல நாடுகளில் நடக்கிறது. அதில் எல்லாருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருப்பார். ஆகவே ஓட வந்த யாரும் கடைசி ஆளாக முடிப்பதில்லை. தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டம் சுமார் 90 கிலோமீட்டர், பன்னிரண்டு மணி நேரத்தில் முடிக்க வேண்டும். அங்கே அனுபவசாலி ஒருவர் முன்னால் ஓட, அவர் வேகத்தைப் பிடித்துக்கொண்டு பெரிய கூட்டமே சேர்ந்து போகும். அந்தக் கூட்டத்துக்குப் ‘பஸ்’ என்று பெயர், முன்னால் ஓடுபவர் டிரைவர். ஏறியவர்களை இறக்கிவிடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் அந்த டிரைவர்களுக்கு அவ்வளவு பெருமை. இரண்டு மணி நேரத்துக்குள் மாரத்தான் தூரத்தை முதன்முதலில் ஓடிக் காட்டிய எலியுட் கிப்சோகே கூட, 2019-ல் வியன்னாவில் அதைத் தனியாகச் செய்யவில்லை. 41 வீரர்கள் மாறி மாறி அவரோடு ஓடினார்கள்.

நாங்கள் இப்போது முறை வைத்திருக்கிறோம். வாரம் ஒருவர் கடைசி ஆளோடு ஓடுவார். ஆரம்பத்தில் ‘என் பயிற்சி கெடுமே’ என்று தயங்கினோம். அந்த வாரங்களில்தான் ஒருவரை ஒருவர் சரியாகத் தெரிந்துகொண்டோம் என்பது பிறகு புரிந்தது. மெக்கானிக் நண்பரின் அப்பாவுக்கு டயாலிசிஸ் நடப்பது எனக்கு அப்படி ஒரு காலையில்தான் தெரியவந்தது. முகம் பார்க்காமல், தோளோடு தோள் ஓடும்போது மனிதர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

வலியை மறைப்பது, பிறகு ஆளே மறைவது

ஓடினால் தசை வலிக்கும், இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஒரே விரலால் தொட்டு ‘இங்கே’ என்று எலும்பின் மேல் காட்ட முடிகிற வலி வேறு. ஓட ஓடக் கூடுகிற வலியும், நொண்ட வைக்கிற வலியும் வேறு. அவற்றோடு ஓடக்கூடாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும். குழு என்ன நினைக்குமோ என்று மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுபவர்களைப் பார்க்கிறேன். வலிமாத்திரையை விழுங்கிவிட்டு வெயிலில் நீண்ட தூரம் ஓடுவது சிறுநீரகத்துக்குக் கேடு.

எலும்பில் விரிசல் என்று தெரிந்தால் இரண்டு மூன்று மாதம் ஓய்வுதான். அப்போது பலரும் வாட்ஸப் குழுவை மியூட் செய்துவிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். போன வருடம் எங்கள் வங்கி அண்ணன் அப்படித்தான் இரண்டு ஞாயிறு வரவில்லை. மூன்றாவது வாரம் பல் மருத்துவர் போன் செய்தார். ‘அண்ணே, ஓட வேண்டாம். தண்ணி குடுக்கவாவது வாங்க.’

அடுத்த ஞாயிறு சாந்தோம் திருப்பத்தில் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு நின்றிருந்தார். ஃபுட்போர்டில் இருபது லிட்டர் கேன், டிக்கியில் வாழைப்பழம், ஒரு டப்பா நிறைய உப்புப் போட்ட மாங்காய்க் கீற்று. ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டு டம்ளரை நீட்டினார். எல்லாரும் போன பிறகும் ஸ்கூட்டரைக் கிளப்பவில்லை. கல்லூரி மாணவன் அன்று தன் அம்மாவை முதன்முறையாக அழைத்து வந்திருந்தான். அவர்கள் இரண்டு பேரும் இன்னும் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள்.